இரண்டு முறை விழுந்த சர்க்கரை

பெலிசியான் நாற்பத்தெட்டு பாட்டில்களில் பீர் ஊற்றி மூடி அடித்து வைத்த ஐந்தாம் நாள் காலையில், அந்த நாற்பத்தெட்டில் ஒன்றுகூட வெடிக்காமல் சமையலறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் அணிவகுத்து நின்றுகொண்டிருக்க, காரைக்கால் பழைய சுங்கத் தெருவின் இருபத்திரண்டு வீடுகளில் இருபத்தொரு வீட்டுத் தண்ணீர் பொங்க ஆரம்பித்தது. குழாய்த் தண்ணீரும் பொங்கியது, கிணற்றுத் தண்ணீரும் பொங்கியது, முந்தின நாள் பிடித்து மூடிவைத்த குடத்துத் தண்ணீரும் மூடியை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பொங்கியது. சூடு கிடையாது, வாடை கிடையாது, நிறமும் மாறவில்லை. ஊசிமுனை அளவுக் குமிழிகள் அடியிலிருந்து கூட்டங்கூட்டமாக மேலே ஓடிவந்து ஸ்ஸ்ஸென்று அடங்கின, அவ்வளவுதான்.

முதலில் பார்த்தவள் ஒன்பதாம் நம்பர் வீட்டு ஜமீலா. வாசலில் அடுப்புப் போட்டு ஆப்பம் விற்பவள். அரிசி களையத் தண்ணீர் ஊற்றியதும் அரிசி பாத்திரத்துக்குள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடியது. கையை இடுப்பில் வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடினால் ஆடட்டும், அரைபடாமலா போய்விடும் என்று அதே தண்ணீரில் ஊறவைத்து அதே தண்ணீரில் அரைத்தாள். அன்று மாலை அவள் சுட்ட ஆப்பம் தேங்காய்ப்பால் ஊற்றினால்தான் தட்டில் தங்கியது, ஊற்றாதவர்கள் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் எல்லாரும் மறுநாளும் வந்தார்கள், கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு.

தெரு அதற்குப் பழகிக்கொள்ள மூன்று நாள்கூட ஆகவில்லை. துணியை ஊறப்போட்டால் கசக்காமலேயே அழுக்குப் போனது, கண்ணாடி டம்ளரில் கழற்றிப் போட்ட பல்செட் இரவெல்லாம் தானாகவே ஆடித் துலங்கியது, மாதா கெபியின் முன்னாலிருந்த தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்தவர்கள் சிலுவை போடும்போதே சிரித்தார்கள், பள்ளிவாசல் ஹவுளில் ஒளு செய்தவர்கள் முகத்தைக் கழுவிவிட்டு இன்னொரு முறை கழுவினார்கள், பிள்ளையார் கோயில் குருக்கள் அபிஷேகத்தை எப்போதும்விடக் கொஞ்சம் நீட்டிச் செய்தார். ஏப்பம் விடுவது மரியாதைக் குறைவென்று யாரும் நினைக்காமல் போய், ஒருவர் விட்டால் எதிரில் இருப்பவர் பதிலுக்கு விடுவதே முறை என்று ஆகி, கடன்பட்டவர்போலச் சிலர் ஏப்பம் வராமல் நின்று தவித்ததும் உண்டு.

குடிநீர் அலுவலகத்திலிருந்து கார்மேகம் என்ற இளநிலைப் பொறியாளர் வந்தார். ஆறு வீட்டில் மாதிரி பிடித்தார். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் ஆறும் சாதாரணத் தண்ணீராக அடங்கிவிட்டதால், புகாரில் உண்மை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் பதினொரு மணிக்கு ஒரு டம்ளரில் கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாற்றைக் கையோடு கொண்டுவந்து, அதில் தெருத் தண்ணீரைப் பிடித்துக் குடித்துவிட்டுப் போனார். அதற்கு மறுநாளும் ஆய்வுக்கு வந்தார். ஆய்வு முடிய வெகுநாள் ஆகும் என்று ஜமீலாவிடம் அவரே சொன்னார்.

பொங்காத அந்த ஒரே வீடு பதினான்காம் நம்பர், பெலிசியானின் வீடு. அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் எப்போதும்போல ஊமையாக விழுந்தது. அந்த வீட்டில் அவரும் அவர் மனைவி மதலேனும் இருந்தார்கள், ஒருவரோடொருவர் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மதலேன் பேசத் தெரியாதவள் அல்ல. மீன்காரியிடம் பேசுவாள், சாமியாரிடம் பேசுவாள், பிரான்சில் துலூஸ் நகரத்திலிருக்கும் மகளிடம் போனில் ஒரு மணி நேரம் பேசுவாள். புருஷனிடம்தான் பேசமாட்டாள். பெலிசியான் இருபத்தெட்டு வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல் படைப்பிரிவில் இருந்து, பென்ஷனோடும் இரண்டு பதக்கங்களோடும் ஊர் திரும்பியவர், தெருவுக்கு அவர் முசே. ஆறு வருஷத்துக்கு முன் மகள் கல்யாணம் காரைக்காலில்தான் நடந்தது. விருந்து நேரத்தில், மீன் மசாலாவில் ஊறி மூன்று மணி நேரமாச்சு, வெயில் வேறு, முதலில் மீனைப் பொரித்துவிடலாமே என்று மதலேன் சொன்னாள். சம்பந்தி வீட்டார், பட்டாளத்து நண்பர்கள், அவர்கள் பெண்டாட்டிகள் என்று இருநூறு பேர் உட்கார்ந்திருந்த பந்தலில், பெலிசியான் திரும்பி, "உனக்கு என்ன தெரியும், வாயை மூடு," என்றார். அது உத்தரவு. மதலேன் மூடினாள். மீன் கெட்டுத்தான் போயிருந்தது, ஆனால் அதைச் சொல்லிக்காட்டவும் அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அவர் இருந்தார். அவரே வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அவள் இருந்தாள். இரண்டு பேரும் நல்ல பிடிவாதக்காரர்கள், ஆகவே வருஷங்கள் சிரமமில்லாமல் போயின.

வீடு நடக்க வேண்டுமே, அதற்கு ஃபிரிட்ஜ் இருந்தது. "கேஸ் தீரப்போவுது," என்று மதலேன் ஃபிரிட்ஜிடம் சொல்வாள், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் எழுந்து போய் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு வருவார். "ராத்திரிக்குக் கஞ்சி போதும்," என்று அவர் ஃபிரிட்ஜிடம் சொல்வார், இரவில் கஞ்சி இருக்கும். ஜூன் மாதத்தில் ஒருநாள் அவர் அதே ஃபிரிட்ஜின் முன்னால் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜூலை பதினெட்டுக்குப் பிரான்சுக்கு டிக்கெட் போட்டாச்சு. ஒரு டிக்கெட். அங்க பழைய சிப்பாய்ங்களுக்கு விடுதி இருக்கு, பேச்சுக்கு ஆள் இருக்கும்," என்றார். மதலேன் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த கீரையையும் தண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு மறுபடி பிரித்தாள். போகாதீங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு டிக்கெட் என்று அவர் ஃபிரிட்ஜிடம் சொன்ன குரலில் கல்யாணப் பந்தலின் வெயில் கொஞ்சம் இருந்தது, அதனால் அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

பீர் விஷயம் இதுதான். வருஷாவருஷம் பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி பட்டாளத்து ஓய்வூதியர்கள் எல்லாரும் பதக்கம் மாட்டிக்கொண்டு நினைவுத்தூணுக்கு மாலை போட்டுவிட்டுப் பெலிசியான் வீட்டுக்கு வந்து அவர் கையால் செய்த பீரைக் குடிப்பார்கள். மால்ட் டப்பாவும் ஈஸ்ட்டும் பிரான்சிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து தருவது. குளியலறையில் ஈரச் சாக்கு சுற்றி, காற்றாடி வைத்து, எட்டு நாள் டிரம்மில் புளிக்கவிட்டு எடுத்தால் பீர் தயார், ஆனால் நுரையிருக்காது, ஆறிப்போன கஷாயம் மாதிரி இருக்கும். பாட்டிலுக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய கரண்டி, போட்டு மூடி அடித்தால்தான் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று மூச்சு விடும், மூச்சுக்கு வெளியே போக வழியில்லாமல் பீருக்குள்ளேயே அடங்கும், திறக்கும்போது நுரைக்கும். சர்க்கரை போடாவிட்டால் ஊமை. இரண்டு கரண்டி போட்டால் வெடி.

போன வருஷம் ஊமை. ஓய்வூதியர் சங்கத் தலைவர் லெயோன் முதல் பாட்டிலைத் திறந்தார், சத்தமே இல்லை. காதருகே வைத்துக் கேட்டார். "பெலிசியான், பாட்டிலும் உன் வீட்டுப் பழக்கத்துக்கு வந்துடுச்சு போல," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெலிசியானும் சிரித்தார். ஆனால் அன்று மாலை அவர் பதக்கத்தைக் கழற்றி வைத்த விதத்தைப் பார்த்தவள் மதலேன் ஒருத்திதான். ஒட்டுப் பிரிக்காத சர்க்கரை டப்பா அலமாரியில் அப்படியே இருந்ததைப் பார்த்தவளும் அவள்தான். மனுஷன் சர்க்கரை போட மறந்துவிட்டிருந்தார்.

அதனால் இந்த வருஷம் ஜூலை இரண்டாம் தேதி, சாப்பாட்டு மேசையில் நாற்பத்தெட்டு காலி பாட்டில்கள் வரிசையாக நிற்க, அவர் மதியத் தூக்கத்துக்குப் போன நேரத்தில், மதலேன் கரண்டியையும் புனலையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி போட்டாள். அவள் வந்து பார்த்தபோது மேசைமேல் ஒரு பருக்கைச் சர்க்கரை சிந்தியிருக்கவில்லை, கரண்டி கழுவிக் கவிழ்த்திருந்தது, டப்பா பழைய இடத்தில் பழைய பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. மறுபடியும் மறந்துவிட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். பட்டாளத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர் வேலை முடிந்ததும் தடயம் தெரியாமல் துடைத்து வைப்பார் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. காலையிலேயே அவர் நாற்பத்தெட்டுக்கும் போட்டு முடித்திருந்தார். பாட்டில் பழுப்புக் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியாது. சர்க்கரை போட்டாச்சா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த வார்த்தைதான் அந்த வீட்டில் இல்லை. மாலையில் அவர் எழுந்து பீரை ஊற்றினார், கைமெஷினால் மூடி அடித்தார், சாமான் அறையில் அடுக்கினார். ஐந்தாம் நாள் தெரு பொங்கியது.

பொங்கும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஆகாது என்பது நாலாம் நாள் தெரிந்தது. மாத்திரை விழுங்கினால் தொண்டை வரை போய்த் திரும்பி வந்தது. கைக்குழந்தைக்குப் பால் கரைத்தால் குழந்தை குடிக்காமல் பால்புட்டியைப் பார்த்துச் சிரித்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. ஐந்தாம் நம்பரில் கிழவர் அருளானந்தம் தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானபோது, கடைசிக் குளியலுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று அவர் மருமகள் சொல்லிவிட்டாள். உயிரோடிருந்த காலத்தில் மாமாவுக்குக் கிச்சுகிச்சு ஆகாது, இப்போது மட்டும் எதற்கு என்றாள். ஊமைத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தேடியதில் பதினான்காம் நம்பரில் கிடைக்கிறது என்று தெரிந்தது. அதன்பின் தினமும் காலை ஏழு மணிக்குக் குடம், வாளி, கூஜா, பால்புட்டி எல்லாம் பெலிசியான் வீட்டு வாசலில் வரிசையில் நின்றன.

பெலிசியானுக்கு வரிசை என்றால் போதும். பழைய காக்கிக் கால்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார், விசில் ஒன்றைக் கண்டுபிடித்தார், குழந்தைக்குப் பால் கரைக்க வருகிறவர்கள் இடப்பக்கம், மாத்திரைக்காரர்கள் வலப்பக்கம், மற்றவர்கள் நடுவில் என்று பிரித்தார். மதலேன் குழாயடியில் உட்கார்ந்தாள். அவர் குடத்தைத் தூக்கி வைப்பார், அவள் திறப்பாள். நிறையும் தருணம் அவருக்குத் தெரியும், அவர் கை வரும்போது அவள் மூடியிருப்பாள். முதல் நாள் ஒரு குடத்தின் கழுத்தில் இரண்டு பேர் கையும் பட்டது. இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் பட்டது, எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று. மதலேனுக்கு அறுபத்துமூன்று வயதில் இது வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, பதினெட்டாம் தேதி நினைவு வந்ததும் குழாயைத் தேவைக்குமேல் இறுக்கி மூடினாள்.

"பேசாமலே இவ்வளவு வேலை பாக்குறீங்களே அக்கா, பேசினா இந்த ஊரையே நடத்துவீங்க போலிருக்கே," என்றாள் ஜமீலா, கூஜாவை நீட்டியபடி.

"தண்ணி பிடிக்க வந்தியா, ஊர்வம்பு பிடிக்க வந்தியா?" என்றாள் மதலேன்.

"ரெண்டுக்குந்தான். முசே பதினெட்டாந்தேதி போறாராமே. நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"என்னைக் கேட்டா போட்டாரு டிக்கெட்டு?"

"கேட்டாத்தான் சொல்லணுமா?"

மதலேன் கூஜாவை வழிய வழிய நிரப்பினாள்.

பதினோராம் தேதி பெலிசியான் ஒரு பாட்டிலைச் சோதித்துப் பார்க்க எடுத்தார். மதலேன் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மூடியை நெம்பும் சத்தம் கேட்டது, மூடி தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது, நடுவில் கேட்கவேண்டிய சத்தம் கேட்கவில்லை. அவர் டம்ளரில் ஊற்றினார். நுரையில்லை. குடித்தார். காலி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சமையலறைக்கு வந்து ஃபிரிட்ஜின் கதவில் கையை ஊன்றிக்கொண்டு, "இந்த வருஷமும் ஊமைதான். காலையிலேயே நாற்பத்தெட்டுக்கும் அளந்து போட்டேனே. ஒண்ணொண்ணா எண்ணிப் போட்டேனே. எனக்கு இனிமே ஒண்ணும் வராது போல," என்றார். அது ஃபிரிட்ஜுக்குச் சொன்னது மாதிரி இல்லை.

அவர் போனபின் மதலேன் அதே இடத்தில் நின்று கணக்குப் போட்டாள். அவர் ஒன்று, நான் ஒன்று. பாட்டிலுக்கு இரண்டு. அந்த வீரியத்துக்கு வீட்டுக் கூரை போயிருக்க வேண்டும். போகவில்லை. பாட்டிலுக்குள்ளும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தாள், எதிர்வீட்டுக்காரி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள், தெளித்த தண்ணீர் புழுதியில் பொரிந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரும் அவளிடம் காரணம் கேட்டதில்லை, அவளும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது ஒருவரிடம்தான். சொன்னால் போன வருஷம் அவர் மறந்ததையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்த வருஷமும் லெயோன் பாட்டிலைக் காதருகே வைப்பார், இவர் சிரிப்பார், பதினெட்டாம் தேதி விமானம் ஏறுவார், அங்கே எந்த ஜன்னலோரமோ உட்கார்ந்து தனக்கு ஒன்றும் வராது என்று நம்பிக்கொண்டே இருப்பார். அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் இன்னொரு முறை உனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அழுகையைவிடப் பெரிதாக இருந்தது. ஒருமுறை ஃபிரிட்ஜின் முன்னால் போய் நின்று, "சர்க்கரை..." என்று ஆரம்பித்தாள். கூடத்திலிருந்து, "இருக்கு, நேத்துதான் வாங்கினது," என்று பதில் வந்தது. அத்தோடு அது முடிந்தது.

பதினாலாம் தேதி பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பதினேழு பேர், நீல டை, வெள்ளைச் சட்டை, மார்பில் பதக்கம், மாலை போட்ட கையில் ரோஜா வாசனை. லெயோன் முன்னால், பெண்டாட்டிகள் பின்னால், அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்க வந்துவிட்டுப் போகாமல் நின்ற பாதித் தெரு, ஆய்வுக்கு வந்திருந்த கார்மேகம். முற்றத்து மேசைமேல் நாற்பத்தேழு பாட்டில். மதலேன் இறால் வடைத் தட்டோடு உள்வாசலில் நின்றாள்.

"என்ன பெலிசியான், இந்த வருஷமாவது சத்தம் கேக்குமா?" என்றார் லெயோன்.

பெலிசியான் குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். "திறக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். கேக்காது. ஊமைதான். எங்க தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியல. அடுத்த வருஷம் இந்தத் தொந்தரவு உங்களுக்கு இருக்காது, பதினெட்டாந்தேதி நான் கிளம்பறேன். இருக்கிறதைக் குடிச்சிட்டுப் போங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை. லெயோன் கையிலிருந்த பாட்டிலை மேசைமேல் வைத்தார், தான் போன வருஷம் சொன்னதை நினைத்து அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

மதலேன் தட்டைப் பக்கத்தில் நின்ற ஜமீலாவிடம் கொடுத்தாள். மூச்சை இழுத்தாள்.

"என்னங்க," என்றாள்.

ஆறு வருஷத்தில் முதல் வார்த்தை. பெலிசியான் திரும்பவில்லை, தன்னைத்தான் என்று நம்ப அவருக்கு நேரம் பிடித்தது. மேசையின் ஓரத்தில் நின்ற ஒரு பாட்டில் மட்டும் க்ளுக்கென்று ஒரு சத்தம் போட்டது.

"என்னங்க, உங்களைத்தான். நீங்க தப்பு ஒண்ணும் பண்ணல. நீங்க ஒரு தடவை சர்க்கரை போட்டீங்க, நீங்க தூங்கும்போது நானும் ஒரு தடவை போட்டுட்டேன். மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஏன் மறக்கணும்?" என்றார் பெலிசியான். அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"போன வருஷம் மறந்தீங்க. டப்பா ஒட்டுப் பிரிக்காம இருந்துச்சு. அதான் ஊமையாப் போச்சு."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஒரு வருஷமாச் சொல்லலியா?"

"வாயை மூடச் சொன்னீங்க," என்றாள் மதலேன்.

முற்றத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கல்யாணப் பந்தலில் மீன் தின்றவர்கள். அவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பட்டாளத்தில் தப்புச் செய்தவன் முன்னால் வந்து நின்று சொல்ல வேண்டும் என்பது வழக்கம், அதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர். பெலிசியான் இரண்டடி முன்னால் வந்தார். "அன்னைக்கு நான் எல்லாருக்கும் முன்னாடி அப்படிச் சொன்னது தப்பு. மீன் கெட்டுப்போயிருந்துச்சு. உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, எனக்குத்தான் தெரியல. எல்லாருக்கும் முன்னாடியே சொல்றேன்," என்றார்.

அவர் சொல்லி முடிக்கும்போது தெருவில் எங்கோ ஒரு குழாய் நீளமாக மூச்சு விட்டது. அதன்பின் அடுத்த வீட்டுக் குழாய், அதற்கடுத்த கிணறு, மாதா கெபித் தொட்டி, பள்ளிவாசல் ஹவுள், குருக்களின் செம்பு என்று வரிசையாக எல்லாம் அடங்கிக்கொண்டே வந்தன, அடங்கியதெல்லாம் எங்கே போனது என்று யாரும் கேட்பதற்குள் மேசைமேல் நாற்பத்தேழு பாட்டிலும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நடுங்கி, முதல் மூடி பறந்து கார்மேகத்தின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போக, பின்னாலேயே மற்ற மூடிகளும் பறக்க, பீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி எழுந்து பதினேழு பதக்கங்கள் மேலும் பெண்டாட்டிகளின் பட்டுப்புடவை மேலும் இறால் வடை மேலும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. லெயோன் அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றார். "சத்தம் கேக்குது, பெலிசியான்," என்றார் நடுவில் ஒருமுறை.

அன்று மதியத்திலிருந்து தெருத் தண்ணீர் வெறும் தண்ணீர்தான். தெருவுக்கு அதில் வருத்தம். "இன்னும் ஒரு மாசம் பேசாம இருந்திருக்கலாம் அக்கா, ஆடிக்கு ஆப்பம் நல்லா ஓடியிருக்கும்," என்று ஜமீலா நேரிலேயே சொன்னாள். கார்மேகம் வெறும் எலுமிச்சம்பழச் சாறோடு வந்து ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் புகார் எழுத வேண்டியிருக்கிறது என்றார்.

அன்று மாலை, தலையிலிருந்து பீர் வாடை போகாமல், பெலிசியான் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை. "மதலேன், நான் போகட்டுமா, இருக்கட்டுமா? நீ சொல்லு," என்றார்.

நாற்பத்தொரு வருஷக் கல்யாணத்தில் முடிவை அவளிடம் விட்டு அவர் கேட்ட முதல் கேள்வி அது. பிரான்சுக்குப் போகலாமா என்று கேட்டதில்லை, பெட்டியைக் கட்டு என்றுதான் சொன்னார். திரும்பி வரலாமா என்றும் கேட்டதில்லை. மதலேனுக்குப் பதில் அப்போதே தெரியும், கீரை ஆய்ந்த அன்றைக்கே தெரியும். ஆனால் கேள்வி அவ்வளவு புதுசாக இருந்தது, உடனே பதில் சொல்லித் தீர்த்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

பதினைந்தாம் தேதி அவள் யோசித்தாள். பதினாறாம் தேதியும் யோசித்தாள். மற்றதெல்லாம் பேசினார்கள், உப்பு போதுமா, மகள் போன் பண்ணினாளா, அருளானந்தம் வீட்டு எட்டாம் நாள் பூசைக்கு யார் போவது என்றெல்லாம். அதை மட்டும் அவள் சொல்லவில்லை, அவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. தெருவில் நடந்தால் எல்லாரும், "முசே, பதில் வந்திச்சா?" என்றார்கள். "இன்னும் இல்ல," என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பதினேழாம் தேதி, சொல்லாமல் போனால் போகத்தானே வேண்டும் என்று பெட்டியைக் கட்டினார். கட்டும்போது அடிக்கடி நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்டார். மதலேன் வாசலில் ஜமீலாவிடம் மீன்விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்குச் சென்னைக்குப் போக வேண்டிய கார் வந்து நின்றது. பெலிசியான் கோட்டு மாட்டிக்கொண்டு பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றார். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலுக்கு வந்திருந்தது. மதலேன் டிரைவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இட்லியும் இறால் குழம்பும் வைத்து, இன்னும் ரெண்டு, இன்னும் ஒண்ணு என்று வைத்துக்கொண்டே இருந்தாள். அவன் கைகழுவி எழுந்து, "நேரமாச்சும்மா, சார் வரலாங்களா?" என்றான்.

"நீங்க கிளம்புங்க தம்பி," என்றாள் மதலேன். "அவரை நான் அனுப்பல."

பெலிசியான் வாசலில் நின்று அதைக் கேட்டார். கோட்டுப் பொத்தானைப் பிடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. "இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே," என்றார்.

மதலேன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அவர் முன்னால் நின்றாள். "போகாதீங்க," என்றாள்.

அவர் குனிந்து, உள்ளே கொண்டுபோகப் பெட்டியைத் தூக்கப் போனார்.

"அது அங்கயே இருக்கட்டும், முதல்ல உக்காருங்க," என்றாள் அவள். "ஆறு வருஷத்துல நெறைய இருக்கு சொல்றதுக்கு."

பெலிசியான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார்.